உள்ளூர் டிரஸ்ட்டுக்கு நிதி திரட்ட விருந்து நடத்தப் போறீங்களா? முதல் கூட்டத்துலேர்ந்து கணக்கு ஒப்படைக்கற வரைக்கும்

ஊர்ல இருக்கற ஒரு சின்ன டிரஸ்ட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ காசு சேர்க்கணும், நாலு பேர் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தலாம்னு யோசிக்கறீங்கன்னா இது உங்களுக்குத்தான். நாங்க திருச்சியில சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு பகல் நேர மையத்துக்காக ஞாயித்துக்கிழமை மதிய விருந்து நடத்தினோம். மையத்தோட வேனுக்கும், பேச்சுப் பயிற்சி குடுக்கற டீச்சரோட சம்பளத்துக்கும் காசு தேவைப்பட்டுச்சு. யார்கிட்ட என்ன பேப்பர் வாங்கணும், எதுக்கு எவ்வளவு நாளாகும்னு தமிழ்ல ஒரே இடத்துல கிடைக்கல, ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி, ஆடிட்டரை ராத்திரி பத்து மணிக்கெல்லாம் போன்ல புடிச்சு கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

நான் சொல்றது தமிழ்நாட்டு நிலவரம். விருந்துக்கு பதிலா பாட்டுக் கச்சேரி, உணவுத் திருவிழா, மாரத்தான்னு எது நடத்தினாலும் முக்கால்வாசி விஷயம் பொருந்தும். குறைஞ்சது மூணு மாசம் கையில இருக்கணும், அதுக்கு கம்மியா இருந்தா தேதியைத் தள்ளிப் போடுங்க.

1. தேதிக்கு முன்னாடி டிரஸ்ட்டோட பேப்பர்

எல்லாரும் முதல்ல மண்டபம் தேடப் போவாங்க. வேண்டாம். முதல்ல டிரஸ்ட் ஆபீஸுக்குப் போய் உக்காந்து இந்த பேப்பரெல்லாம் கண்ணால பாருங்க: பதிவு பண்ணின டிரஸ்ட் பத்திரம், சங்கம்னா பதிவுச் சான்றிதழும் துணை விதிகளும், டிரஸ்ட் பேர்ல பான் கார்டு, 12ஏ பதிவு (டிரஸ்ட்டோட வருமானத்துக்கு வரி விலக்கு கிடைக்க), 80ஜி பதிவு (நன்கொடை குடுக்கறவங்களுக்கு வரிக்கழிவு கிடைக்க), டிரஸ்ட் பேர்ல வங்கிக் கணக்கு, ஆடிட் பண்ணின போன வருஷ வரவு செலவு.

12ஏ, 80ஜி ரெண்டும் ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் செல்லும்னு நிறைய பேர் இன்னும் நினைச்சுட்டு இருக்காங்க, 2021க்கு அப்புறம் அப்படி இல்லை, காலக்கெடு உண்டு, புதுப்பிக்கணும். சான்றிதழ்ல எந்த வருஷம் வரைக்கும்னு போட்டிருக்கும், அதை பாருங்க. காலாவதியானதை வெச்சுக்கிட்டு 80ஜி ரசீது குடுத்தா பின்னாடி மாட்டறது உங்களை நம்பி காசு குடுத்தவங்க. இன்னொண்ணு, புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1லேர்ந்து அமல், அதுல பிரிவு எண், படிவ எண் எல்லாம் மாறுது. நான் இங்க ஜனங்க வாயில புழங்கற பழைய பேரையே சொல்றேன், நீங்க ரசீது அச்சடிக்கறதுக்கு முன்னாடி இப்போ எந்த எண் போடணும்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

நீங்க டிரஸ்ட்டுக்கு வெளியில இருக்கறவங்கன்னா (நண்பர்கள் குழு, குடியிருப்போர் சங்கம், பழைய மாணவர்கள்) டிரஸ்ட்டோட லெட்டர்பேடுல ஒரு அனுமதிக் கடிதம் வாங்கிடுங்க. இன்ன தேதியிலேர்ந்து இன்ன தேதி வரைக்கும், இன்ன நிகழ்ச்சிக்காக, இன்னின்னார் எங்க சார்புல நிதி திரட்டறாங்கன்னு இருக்கணும், நிர்வாக அறங்காவலர் கையெழுத்தும் சீலும் இருக்கணும். கடை கடையா போகும்போது இதோட நகல் ஒவ்வொருத்தர் கையிலயும் இருக்கட்டும். போலி ரசீது புக்கை வெச்சு வசூல் பண்றவங்க நிறைய பேர் இருக்கறதால கடைக்காரங்க கேக்கறது நியாயம்தான்.

2. தேதி குறிக்கறது

காலண்டரை எடுத்து வெச்சு முகூர்த்த நாளையெல்லாம் அடிச்சுடுங்க. முகூர்த்த நாள்ல மண்டபமும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்க மாட்டார், வர வேண்டியவங்களும் ஏதாவது கல்யாணத்துல இருப்பாங்க. ஆடி, புரட்டாசி, மார்கழி மூணு மாசமும் மண்டபம் காலியா இருக்கும், வாடகை குறைச்சுக் கேக்கலாம். ஆனா மூணுக்கும் ஒரு சிக்கல் இருக்கு. ஆடியில ஒவ்வொரு தெருவுலயும் அம்மன் கோயில் திருவிழா வசூல் நடந்திருக்கும், நீங்க போகும்போது "இப்பதான் குடுத்தேன்"னு சொல்வாங்க. புரட்டாசியில காலாண்டுப் பரீட்சை, ஐப்பசி நெருங்க நெருங்க மழை. மார்கழியில அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டதும் பாதிப் பேர் ஊருக்குப் போயிடுவாங்க.

என்னைக் கேட்டா ஆடியோட கடைசி ஞாயிறு, இல்லைன்னா ஜனவரி முதல் வாரத்து ஞாயிறு. மாச முதல் வாரம்ங்கறது ரொம்ப முக்கியம், சம்பளம் கைக்கு வந்திருக்கும், திருச்சி மாதிரி பெல் தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனைன்னு மாசச் சம்பளக்காரங்க நிறைய இருக்கற ஊர்ல 25ஆம் தேதி நிகழ்ச்சிக்கும் 5ஆம் தேதி நிகழ்ச்சிக்கும் வசூல்ல நல்லாவே வித்தியாசம் தெரியும். ஆடிக் கடைசி மாச நடுவுல வரும், அதனால சாப்பாட்டு டோக்கனை ஆகஸ்ட் முதல் வாரத்துலயே வித்து முடிச்சுடணும். ஜூன் மாசம் பக்கமே போகாதீங்க, ஸ்கூல் ஃபீஸ்.

தேர்தல் வருதான்னும் பாருங்க. நடத்தை விதி அமலுக்கு வந்துட்டா கூட்டத்துக்கு அனுமதி வாங்கறதே தனி வேலையாயிடும், 50,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா எடுத்துட்டுப் போனா பறக்கும் படை நிறுத்தி கணக்கு கேக்கும்.

3. கணக்குப் போடறது: இந்த இடத்துலதான் நிறைய நிகழ்ச்சி தோக்குது

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா அது இதுவா இருக்கட்டும். டோக்கன் காசுல செலவு பண்ணக்கூடாது. செலவு மொத்தத்தையும் ஸ்பான்சர் பொருளாவோ காசாவோ ஏத்துக்கணும், டோக்கன் காசு அப்படியே டிரஸ்ட்டுக்குப் போகணும்.

ஏன்னு ஒரு உத்தேசக் கணக்குல பாருங்க. 400 பேருக்குச் சாப்பாடு, டோக்கன் 300 ரூபாய்னு வெக்கலாம். 400ம் வித்தா 1,20,000. ஆனா 400ம் விக்காது, 350 வித்தாலே நல்ல விற்பனை, அப்போ வரவு 1,05,000. செலவு: மண்டப வாடகை 35,000, கிளீனிங் கரண்ட் டீசல் 10,000, சமையல் இலைக்கு 130 வீதம் 52,000, அச்சடிக்கறதும் பேனரும் 6,000, மைக் செட் 7,000, சில்லறைச் செலவு 5,000. கூட்டிப் பாருங்க, 1,15,000. மூணு மாசம் அலைஞ்சு, மண்டபம் நிறைய ஜனம் வந்து, எல்லாரும் சாப்பாடு பிரமாதம்னு சொல்லிட்டுப் போயும் கையை விட்டு 10,000 போகுது. வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்கு அது வெற்றிகரமான நிகழ்ச்சியாத்தான் தெரியும், டிரஸ்ட்டுக்கு ஒரு ரூபாய் கூட போயிருக்காது.

அதே நிகழ்ச்சியில மண்டபக்காரர் பாதி வாடகை விட்டுக் குடுக்கறார், அரிசியும் பருப்பும் ஒரு மண்டிக்காரர் ஏத்துக்கறார், காய்கறி காந்தி மார்க்கெட்ல ரெண்டு மூணு கமிஷன் கடைக்காரங்க பிரிச்சு ஏத்துக்கறாங்க, நோட்டீஸ் பிரஸ்காரர் சும்மா அடிச்சுக் குடுக்கறார்னா கைச்செலவு நல்லாவே குறைஞ்சுடும், அந்த மிச்சச் செலவுக்கும் ரெண்டு ஸ்பான்சர் புடிச்சுட்டா 1,05,000ம் முழுசா டிரஸ்ட்டுக்கு. அன்னிக்கு நன்கொடை மேஜையில வர்றது தனி.

அதனால ஒரு கெடு வெச்சுக்கோங்க. நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் முன்னாடி செலவுல முக்கால் பங்குக்காவது ஸ்பான்சர் உறுதி ஆகலைன்னா நிகழ்ச்சியைச் சின்னதாக்குங்க. 400 பேர்ங்கறதை 150 ஆக்கலாம், விருந்தை டிபனாக்கலாம். சின்னதா நடத்தறதுல ஒரு கேவலமும் இல்லை.

4. மண்டபம்

வாடகை எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. வாடகைக்கு மேல என்னென்ன உண்டுன்னு கேட்டு எழுதி வாங்குங்க: கிளீனிங், கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, டீசல் யார் போடணும், பாத்திர வாடகை, கேஸ், ஏசி ஓடினா தனியா, குப்பை எடுக்கறது. சில இடத்துல மண்டபத்தோட சமையல்காரர், மண்டபத்தோட மைக் செட்தான் வெக்கணும்னு கட்டாயம் பண்ணுவாங்க, அது தெரியாம வெளியில யாருக்காவது அட்வான்ஸ் குடுத்துட்டா அந்தக் காசு போச்சு.

சாவி வாங்கும்போதே மின்சார மீட்டரையும் ஜெனரேட்டர் மீட்டரையும் மேனேஜரை பக்கத்துல வெச்சுக்கிட்டு போட்டோ எடுங்க, திருப்பிக் குடுக்கும்போது இன்னொரு போட்டோ. பாத்திரத்தையும் எண்ணி வாங்கி எண்ணிக் குடுங்க. கரண்டி, ஜல்லடை, தாம்பாளம்னு சின்னச் சின்ன சாமான்தான் கணக்குல குறையும், அதுக்கெல்லாம் அட்வான்ஸ்ல புடிப்பாங்க.

டிரஸ்ட் காரியம்னு சொல்லி ஓனர்கிட்ட நேரா பேசுங்க, மேனேஜர்கிட்ட பேசினா குறையாது. சாய்வுப் பாதை இருக்கா, சக்கர நாற்காலி உள்ள போற மாதிரி ஒரு டாய்லெட்டாவது இருக்கான்னு பாருங்க, சிறப்புக் குழந்தைகளுக்காக நடத்தற நிகழ்ச்சிக்கு அந்தக் குழந்தைகளே உள்ள வர முடியலைன்னா அது நியாயமில்லை.

5. அனுமதிகள்

போலீஸ்: உங்க சரக ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டருக்கு மனு, மாநகரம்னா எந்த அதிகாரி வரைக்கும் போகணும்னு ஸ்டேஷன்லயே சொல்வாங்க. மனுவுல தேதி, நேரம், இடம், எத்தனை பேர் வருவாங்க, யார் பொறுப்பு, வண்டி எங்க நிறுத்துவாங்க, ஒலிபெருக்கி உண்டா எல்லாம் எழுதி, மண்டப புக்கிங் ரசீது நகல், டிரஸ்ட் கடிதம், பொறுப்பாளர் ஆதார் நகல் இணைங்க. ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல தேதியோட சீல் போட்டு வாங்கிடுங்க. மூணு வாரம் முன்னாடி குடுங்க. ராத்திரி 10 மணிலேர்ந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை, கூம்பு ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம்.

மண்டபத்துக்கு வெளியில காலி இடத்துல பந்தல் போடறீங்கன்னா தீயணைப்புத் துறையிலயும் கேக்கணும், இடம் மாநகராட்சியோடதுன்னா அங்கயும் கேக்கணும். டிக்கெட் வெச்சு கச்சேரி நடத்தறவங்க கேளிக்கை வரி உண்டான்னு உள்ளாட்சி அலுவலகத்துல எழுத்துல கேட்டுடறது நல்லது.

பாட்டு: தர்மக் காரியம்தானேன்னு நினைச்சு சினிமாப் பாட்டை மேடையில பாட விடுவாங்க, இல்லை ஸ்பீக்கர்ல ஓட விடுவாங்க. பொது நிகழ்ச்சியில அதுக்கு லைசென்ஸ் வேணும். பாட்டெழுதினவங்க, இசையமைச்சவங்க உரிமைக்கு ஐபிஆர்எஸ், ஒலிப்பதிவுக்கு பிபிஎல் மாதிரி அமைப்புகள் இருக்கு. நல்ல காரியத்துக்குன்னு தானா விலக்கு கிடைச்சுடாது. நாங்க நாதஸ்வரமும் நாட்டுப்புறப் பாட்டும் வெச்சோம், செலவும் கம்மி, கூட்டமும் ரசிச்சுது.

குலுக்கல்: இதை நல்லா கேட்டுக்கோங்க. "100 ரூபாய் கூப்பன், குலுக்கல்ல ஸ்கூட்டி பரிசு"ன்னு யாராவது யோசனை சொல்வாங்க, காசும் நல்லா வரும்பாங்க. தமிழ்நாட்டுல 2003லேர்ந்து லாட்டரிக்குத் தடை. காசு வாங்கிட்டு அதிர்ஷ்டத்துல பரிசு குடுக்கறது எந்தப் பேர்ல நடத்தினாலும் வம்புதான், டிரஸ்ட் பேரு கெடும். பரிசு குடுத்தே ஆகணும்னா கோலப் போட்டி, வினாடி வினான்னு திறமைக்குக் குடுங்க.

பேனர்: ரோட்டோரம் அனுமதி இல்லாம ஃபிளெக்ஸ் வெக்காதீங்க. 2019ல பள்ளிக்கரணையில பேனர் சரிஞ்சு ஒரு இளம்பெண்ணோட உயிரே போச்சு. மண்டப வாசல்ல ஒண்ணு, உள்ள மேடையில ஒண்ணு போதும். ஒருதடவை பயன்படுத்தி வீசற பிளாஸ்டிக்குக்கும் 2019 ஜனவரிலேர்ந்து தடை இருக்கு, அதனால வாழை இலை, எவர்சில்வர் டம்ளர். பேப்பர் கப்புலயும் பிளாஸ்டிக் பூச்சு இருந்தா அதுவும் தடையிலதான் வரும்.

குழந்தைகள் படம்: அனாதை இல்லம், குழந்தைகள் காப்பகத்துக்காக நடத்தறவங்க நோட்டீஸ்ல, வாட்ஸ்அப்ல அந்தக் குழந்தைகளோட முகத்தையோ பேரையோ போடக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015ல 74வது பிரிவு அதைத் தண்டனைக்குரிய குற்றமாவே வெச்சிருக்கு. முகம் போட்டாத்தான் மனசு இரங்கும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. சட்டத்தை விடுங்க, பத்து வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணோ பையனோ வேலைக்குப் போற இடத்துல இந்தப் போட்டோ கிடைச்சா எப்படி இருக்கும்? எங்க மையத்துக் குழந்தைகள் பெத்தவங்களோட இருக்கறவங்க, அதனால அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கினோம், மூணு பேர் வேண்டாம்னாங்க, அந்தக் குழந்தைகள் இல்லாத படமாப் பாத்து எடுத்தோம்.

6. ஸ்பான்சர் கேக்கப் போறப்போ

காசா கேக்கறதை விடப் பொருளா கேட்டா கடைக்காரங்க சீக்கிரம் சரிம்பாங்க. "அண்ணே, ஒரு நன்கொடை"ன்னா 500 ரூபாயோட நின்னுடும். "அண்ணே, 400 பேர் சாப்பிடறதுக்கு அரிசி உங்க கடையிலேர்ந்து வரட்டும்"னு கேட்டா அவர் மனசுல அது அன்னதானம், முழுசா ஏத்துக்குவார். காலை பத்து மணிக்குப் போகாதீங்க, வியாபார நேரம், மத்தியானம் மூணு மணிக்குப் போங்க. கையில ஒரு பக்க கடிதம், அதுல என்னென்ன தேவை, அளவோட, எது எது யார் ஏத்துக்கிட்டாங்கன்னு ஒரு பட்டியல். ஏற்கெனவே நாலு வரி நிரம்பின பட்டியலை நீட்டினா அஞ்சாவது வரி தானா நிரம்பும்.

இதுல ஒரு பொறி இருக்கு. பொருளா குடுத்ததுக்கு 80ஜி கிடையாது, காசா குடுத்தா மட்டும்தான். அரிசி மூட்டை குடுத்தவருக்கு 80ஜி ரசீது போட்டுக் குடுக்காதீங்க, நன்றிக் கடிதம் குடுங்க, முன்னாடியே சொல்லிடுங்க.

கம்பெனிகளைப் பத்தி: சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்குன்னு ஒதுக்கற காசு) வேணும்னா டிரஸ்ட் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு பதிவெண் வாங்கியிருக்கணும். அப்பவும் அவங்க விளம்பரத்துக்காக குடுக்கற ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் கணக்குல வராது. மேடையில லோகோ போட்டு, பொருளை விளம்பரப்படுத்தினா ஜிஎஸ்டி கேள்வியும் கிளம்பும், "உதவியவர்கள்"னு பேரை மட்டும் போட்டு நன்றி சொன்னா அது நன்கொடை. சின்ன நிகழ்ச்சிக்கு ரெண்டாவது வழியே நிம்மதி.

7. டோக்கன்

அடிக்கட்டையோட, வரிசை எண் போட்டு, 25 டோக்கன் ஒரு புக்கா அச்சடிங்க. எந்த புக் யார்கிட்ட போச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி கையெழுத்து வாங்குங்க. ஒருத்தருக்கு ஒரு நேரத்துல ஒரு புக்தான், அதை வித்து காசு கட்டின பிறகுதான் அடுத்தது. ஆர்வத்துல நாலு புக் வாங்கிட்டுப் போறவங்ககிட்டேர்ந்து கடைசி நாள் வரைக்கும் விக்காத டோக்கன் திரும்பி வராது, எத்தனை பேருக்குச் சமைக்கறதுன்னே தெரியாம போயிடும். நிகழ்ச்சிக்கு அஞ்சு நாள் முன்னாடி எல்லா புக்கும் திரும்பி வந்துடணும், அதை முதல் கூட்டத்துலயே சொல்லிடுங்க.

வாட்ஸ்அப் குரூப்ல போட்டா விக்கும்னு நம்பாதீங்க. கைதட்டற பொம்மையும் கும்புடற பொம்மையும் வரும், காசு வராது. நேர்ல போய், இல்லை தனித்தனியா போன்ல பேசி வித்ததுதான் வித்தது.

டோக்கன் வேற, நன்கொடை வேற. டோக்கனுக்குச் சாப்பாடு குடுக்கறீங்க, அதனால அது நன்கொடை ஆகாது, அதுக்கு 80ஜி ரசீது கேட்டா பணிவா முடியாதுன்னு சொல்லுங்க. நன்கொடைக்குத் தனி ரசீது புக், தனி வரிசை எண்.

8. காசு வாங்கற வழி

யாரோட சொந்த ஜிபே நம்பரும் வேண்டாம். எவ்வளவு நம்பிக்கையான ஆளா இருந்தாலும் வேண்டாம். அவர் கணக்குல லட்சக்கணக்குல வந்து விழுந்தா அவருக்குத்தான் வருமான வரி கேள்வி வரும், யாராவது ஒரு மோசடிப் பணத்தை அதுல அனுப்பிட்டா சைபர் கிரைம்ல கணக்கை முடக்கிடுவாங்க. டிரஸ்ட் கணக்கு இருக்கற வங்கியிலயே க்யூஆர் கேளுங்க, டிரஸ்ட் தீர்மான நகல், பத்திரம், அறங்காவலர்களோட அடையாள ஆவணம் (கேஒய்சி)னு கேப்பாங்க, ரெண்டு மூணு வாரம் ஆகலாம், அதனால முதல் மாசமே போடுங்க. பணம் வந்ததும் சத்தமா சொல்ற பேசற பெட்டியையும் (சவுண்ட்பாக்ஸ்) சேத்து வாங்குங்க. பணம் அனுப்பிட்டேன்னு போலி ஸ்கிரீன்ஷாட் காட்டறவங்க இருக்காங்க, பெட்டி சொன்னாத்தான் ரசீது.

ரொக்கம்: 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா 80ஜி கிடையாது. 2 லட்சம் அதுக்கு மேல ஒருத்தர்கிட்ட ரொக்கமா வாங்கறதே சட்டப்படி தப்பு. பேர் எழுதாம போடற உண்டியல் காசு ஒரு அளவுக்கு மேல போனா (ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில 5 சதவீதம், இதுல எது அதிகமோ அது) மிச்சத்துக்கு டிரஸ்ட் 30 சதவீதம் வரி கட்டணும். அதனால உண்டியலை நம்பி இருக்காதீங்க, பேர் எழுதி வாங்குங்க.

வரிச் சலுகையை ரொம்பப் பெருசா சொல்லி நன்கொடை கேக்காதீங்க. பெரும்பாலான டிரஸ்ட்டுக்கு குடுத்த தொகையில பாதிக்குத்தான் கழிவு, அதுவும் பழைய வரிமுறையில இருக்கறவங்களுக்கு மட்டும். புது வரிமுறையில இருக்கறவங்களுக்கு ஒண்ணும் கிடையாது, இப்போ அதுல இருக்கறவங்கதான் நிறைய.

வெளிநாட்டுக் காசு: நம்ம ஊர்ல எல்லார் வீட்டுலயும் ஒருத்தர் சிங்கப்பூர்லயோ அமெரிக்காவுலயோ இருக்கார், "நான் அனுப்பறேன் மாமா"ன்னு சொல்வார். ஒரே ஒரு கேள்வி கேளுங்க, எந்த நாட்டு பாஸ்போர்ட்? இந்திய பாஸ்போர்ட்னா அவர் சொந்தச் சம்பாத்தியத்துலேர்ந்து வங்கி வழியா அனுப்பினா பிரச்னை இல்லை, பாஸ்போர்ட் நகல் வாங்கி ஃபைல்ல வெச்சுக்கோங்க. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிட்டாருன்னா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கறது) இருந்தாலும் சரி, ரூபாயாவே குடுத்தாலும் சரி, அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்கறதுக்கான பதிவு) இல்லாத டிரஸ்ட் அதைத் தொடக்கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில அதுக்குன்னு இருக்கற கணக்குலதான் வாங்கணும். நல்ல மனசோட அனுப்பற 10,000 ரூபாய் டிரஸ்ட்டையே மூட வெச்சுடும்.

9. சமையல்

சமையல் மாஸ்டர்கிட்ட கான்ட்ராக்டா விடறதா, கூலி மட்டும் பேசி சாமான் நாம வாங்கிக் குடுக்கறதான்னு ரெண்டு முறை இருக்கு. பொருளா ஸ்பான்சர் புடிச்சா ரெண்டாவதுதான் ஒத்து வரும். மாஸ்டர் குடுக்கற மளிகை லிஸ்ட்டை வீட்டுல அனுபவம் உள்ள ஒரு பெரியம்மாகிட்ட ஒருதடவை காட்டிடுங்க, முந்திரியும் நெய்யும் எவ்வளவு அதிகம் போட்டிருக்குன்னு ஒரே பார்வையில சொல்லிடுவாங்க. சமையல்காரருக்கு உணவுப் பாதுகாப்புத் துறை லைசென்ஸ் இருக்கா பாருங்க. வீட்டுல செஞ்ச முறுக்கு, ஊறுகாய், பொடின்னு ஸ்டால் போடறவங்களும் பதிவு பண்ணியிருக்கணும், சின்ன அளவுல செய்யறவங்களுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம், ஆன்லைன்லயே போடலாம். கேஸ் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான், வீட்டு சிலிண்டரை எடுத்துட்டு வராதீங்க.

வித்த டோக்கன்ல நூத்துக்கு 90 பேர்தான் வருவாங்கன்னு கணக்குப் போடலாம், ஆனா தொண்டர்கள், மைக் செட்காரர், டிரைவர்கள், டிரஸ்ட் ஊழியர்களுக்கும் இலை வேணும், ரெண்டும் சரியாப் போயிடும். மிஞ்சினா எந்த இல்லத்துக்கு யார் எடுத்துட்டுப் போறாங்கன்னு முதல் நாளே பேசி வெச்சுடுங்க, மூணு மணிக்கு மேல சாம்பாரை வெச்சுக்கிட்டு போன் பண்ணிட்டு இருக்கக்கூடாது.

10. அன்னிக்கு

பேச்சு அரைமணி நேரம், பதினொன்னரைக்கு ஆரம்பிச்சு பன்னெண்டுக்கு முடிச்சு இலை போட்டுடணும். சிறப்பு விருந்தினர் ஒருத்தர் போதும். அவர் வர லேட்டானாலும் பந்தி நிக்காதுன்னு அவர்கிட்டயே முன்னாடி சொல்லிடுங்க. சால்வை, நினைவுப் பரிசு எதுவும் வேண்டாம், அந்தக் காசுல ஒரு குழந்தைக்கு ஒரு வாரப் பயிற்சி நடக்கும். மையத்துல படிக்கற குழந்தையோட அம்மா ஒருத்தங்க அஞ்சு நிமிஷம் பேசினது வேற எந்தப் பேச்சையும் விட நல்லா போய்ச் சேர்ந்துச்சு. அழ வெக்கற மாதிரி இல்லை. வேன் வராத நாள்ல பையனைத் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வர்றதைச் சொன்னாங்க, அவ்வளவுதான்.

இப்போ நன்கொடை மேஜை. புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மொய் விருந்து பாத்தவங்களுக்கு இது சொல்லவே வேண்டாம், கல்யாணத்துல மொய் எழுதற மாதிரியேதான். மேஜையை வாசல்ல போடாதீங்க, சாப்பிட்டு கை கழுவிட்டு வெளியில வர்ற வழியில போடுங்க, வெத்தலை பாக்குத் தட்டு அதே மேஜையில இருக்கட்டும். உறவுக்காரங்களா இல்லாத ரெண்டு பேர் உக்காரணும், ஒருத்தர் காசு வாங்கி எண்ணிச் சத்தமா சொல்லணும், இன்னொருத்தர் பேர், ஊர், விலாசம், போன், பான் நம்பர், தொகை, ரொக்கமா யுபிஐயான்னு எழுதி ரசீது கிழிக்கணும். பான் நம்பர் மனப்பாடமா இருக்காது, அதனால டோக்கன் விக்கும்போதே "நன்கொடை தர்றதா இருந்தா பான் நம்பர் எடுத்துட்டு வாங்க"ன்னு சொல்லி வெக்கணும். கூட்டம் ஒரே நேரத்துல பந்தியிலேர்ந்து எழுந்து வரும், 400 பேருக்கு ஒரு மேஜை பத்தாது, ரெண்டு போடுங்க. மதுரை, தேனி பக்கம் மாதிரி கம்ப்யூட்டர்ல மொய் அடிக்கற ஆள் கிடைச்சா இன்னும் நல்லது, அப்பவே பில் வந்துடும்.

மேஜையை மூடினதும் அங்கயே எண்ணுங்க. 500 எத்தனை, 200 எத்தனைன்னு ஒரு தாள்ல எழுதி, டிரஸ்ட்ல ஒருத்தர், குழுவுல ரெண்டு பேர் கையெழுத்து போட்டு, பையை ஒட்டி, மறுநாள் திங்கக்கிழமை காலையில முழுசா வங்கியில கட்டிடணும். சமையல் கூலி பாக்கிக்கு, ஆட்டோவுக்குன்னு அந்தப் பையிலேர்ந்து ஒரு நோட்டு கூட எடுக்கக்கூடாது, அதுக்கெல்லாம் தனியா ஒரு கவர் காலையிலயே தயாரா இருக்கணும்.

11. முடிஞ்சப்புறம்

ஒரு வாரத்துக்குள்ள கணக்கை வெளியிடுங்க. ஒரு பக்கம் போதும்: டோக்கன் வரவு, நன்கொடை வரவு, பொருளா வந்தது யார் யார் என்ன, செலவு வரிசையா, டிரஸ்ட் கணக்குல கட்டின சலான் போட்டோ. டோக்கன் வாங்கின எல்லாருக்கும், ஒரு டோக்கன் வாங்கினவருக்கும் கூட அனுப்புங்க. லேட்டாக லேட்டாக கேள்வி கூடும், குழுவுக்குள்ளயே பேச்சு வரும்.

பில்லையெல்லாம் தேதிவாரியா ஒட்டி ஆடிட்டர்கிட்ட ஒப்படைங்க. ஒருத்தருக்கே 30,000க்கு மேல குடுத்திருந்தா (சமையல், மைக் செட், மண்டபம்) டிடிஎஸ் (பணம் குடுக்கும்போதே கழிச்சுக் கட்டற வரி) புடிக்கணுமான்னு குடுக்கறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட கேட்டிருக்கணும்.

நன்கொடையாளர் பட்டியலை, பேர், விலாசம், பான், தொகையோட எக்செல்ல அடிச்சு அந்த வாரமே டிரஸ்ட்டுக்குக் குடுத்துடுங்க. 10பிடிங்கற அறிக்கையை நிதியாண்டு முடிஞ்சு மே 31க்குள்ள டிரஸ்ட் போடணும், தாமதமானா நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். அதைப் போட்டாத்தான் நன்கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் வரும், அந்தச் சான்றிதழ் இல்லாம வெறும் ரசீதை வெச்சு அவங்க வரிக்கழிவு கேக்க முடியாது. ஜனவரியில நிகழ்ச்சி நடத்தினா அதே வருஷம் மே மாசம், ஆகஸ்ட்ல நடத்தினா அடுத்த வருஷம் மே மாசம். ஏப்ரல் முதல் வாரத்துல டிரஸ்ட் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு பட்டியல் ஆடிட்டர் கைக்குப் போயாச்சான்னு கேளுங்க, எழுத்துப் பிழையா இருக்கற பான் நம்பரை சரி பண்ண அப்போதான் நேரம் இருக்கும்.